ராணியம்மாவும் அவருடைய சாவுக் கமிட்டியும்

எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு தடவை தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மறைந்த ராணியார் அவர்களே!" என்று முழங்கினார். 'மறைந்த மன்னரின் துணைவியார் ராணியார் அவர்களே' என்று தாளில் சரியாகத்தான் எழுதி வைத்திருந்தார் மனுஷன். பதற்றத்தில் நடுவிலிருந்ததை விழுங்கிவிட்டார். ராணியம்மாவோ முதல் வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் கப்சிப். தலைமையாசிரியரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

ராணியம்மா மெதுவாக எழுந்தார். "ஆமாங்க, இந்தப் பந்தக்கால் என்னை மறைச்சிருச்சு. அங்கேருந்து பாத்தா நான் தெரிய மாட்டேன்தான்" என்று சொல்லி, நாற்காலியைத் தானே இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "இப்பத் தெரியுறேனாங்க?" என்று வேறு கேட்டார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மறுநாளிலிருந்து தலைமையாசிரியர், பந்தக்காலைப் பார்த்துத்தான் தான் அப்படிச் சொன்னதாக எங்களிடமே சாதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

இதுதான் ராணியம்மா. எதிரே ஒருவர் தலைகுனிந்து நிற்பதை அவரால் தாங்க முடியாது. என்ன பொய்யைச் சொல்லியாவது அந்தத் தலையை நிமிர்த்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்கு அதுதான் காரணம். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

ராணி என்றதும் யாரும் நகையையும் பரிவாரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூருக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அதையும் சுற்றியிருந்த சில கிராமங்களையும் ஒரு காலத்தில் ஆண்ட குடும்பம். நிலமெல்லாம் உச்சவரம்புச் சட்டத்தில் போய்விட்டது. அரண்மனையின் மேல்மாடியில் புறா குடியிருந்தது. குதிரை லாயத்தில் அறுவடை மெஷின்களை நிறுத்திக்கொள்ள விட்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. நூல் புடவை கட்டி, ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார் என்றால் ஏதோ ஒரு வீட்டில் சாவு என்று அர்த்தம். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்க்க மாட்டார். கோடித் துணியோடு போய், பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வருவார்.

யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "நம்ம ராணியம்மா மாட்டைக்கூட 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னுதான் விரட்டுவாங்க" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலிதான், ஆனால் சொல்லும்போதே குரலில் ஒரு பெருமை இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் உரக்கடை. ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அவர்தான் தலைவர். ராணியம்மா என்றால் அவருக்கு உயிர்.

ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு வீட்டு விருந்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள். முதல் வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகளுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. ராணியம்மா உடனே, "எனக்காகத்தானே உப்புப் போடாம வச்சீங்க? டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரு. உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?" என்றார். மாமியார் வாயைத் திறக்க முடியவில்லை. வினை என்னவென்றால், அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் ராணியம்மாவுக்கு மட்டும் தனியாக உப்பில்லாத சாம்பார். கடைசிவரைக்கும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவருக்குக் கண் மங்கிய பிறகு சாயங்காலங்களில் நான் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுவேன். பக்கத்தை மாற்றி ஒரு செய்தியின் தலையை இன்னொன்றின் வாலோடு சேர்த்துப் படித்துவிட்டால்கூட, "காலம் அப்படித்தான் குழம்பிக் கிடக்குங்க டீச்சர்" என்பார். இந்தக் குணம் சில நாள் எனக்கு எரிச்சலாக இருக்கும். தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிட வேண்டியதுதானே? கணக்கு டீச்சர் புத்தி. கூட்டல் தப்பென்றால் சிவப்பு மையால் சுழித்தே பழகிய கை.

இனி கமிட்டிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ராஜாவின் சாவைச் சொல்ல வேண்டும். அவர் போனது ஒரு ஐப்பசி அடைமழையில். ஆற்றில் உடைப்பு. அவனவன் தன் வயலையும் வீட்டையும் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தான். ராஜாவின் உடலை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, மேலே உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவைப் போர்த்தி, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். ஈர விறகு பற்றவில்லை, டயரைப் போட்டுத்தான் எரித்தோம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். படுதா அவர் கடையிலிருந்து போனதுதான். ராணியம்மா மட்டும், "மழை அவருக்கு ரொம்பப் பிடிக்குங்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கே எங்கள் தெரு ஆண்கள் தங்களுக்குள் ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டார்கள். ராஜாவுக்குச் செய்யாததையெல்லாம் ராணிக்குச் செய்துவிட வேண்டும், தஞ்சாவூர் ஜில்லாவே பேச வேண்டும்.

ஆகவே ராணியம்மா நெஞ்சுவலியோடு தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, டாக்டர் உதட்டைப் பிதுக்கிய அன்றே கமிட்டி பிறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் செல்போனில் ஒரு குரூப் தொடங்கினார். பெயர்: 'ராணியார் இறுதி ஊர்வலம்'. ராணியம்மாவின் படம், சுற்றிலும் சாமந்திப் பூ. துக்கத்திலும் வேகத்திலும் தன் போனில் 'அரண்மனை' என்று இருந்த எண்களையெல்லாம் குரூப்பில் சேர்த்தார். சமையல்காரர், கணக்கப்பிள்ளை, வாட்ச்மேன். அப்படியே ராணியம்மாவையும் சேர்த்துவிட்டார்.

அப்போது நான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய போன் என் மடியில். டிங் என்றது. பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ விளம்பரம்."

"உங்களுக்குப் பொய் வராதுங்க. படிங்க."

படித்தேன். வேறு என்ன செய்வது? படிக்கப் படிக்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ராணியம்மா மூக்கில் குழாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நர்ஸ் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

"நான் உங்களை இதுலேருந்து எடுத்துடறேம்மா" என்றேன்.

"வேணாங்க. நான் வெளியே போனா, போயிட்டேன்னு எல்லாருக்கும் காட்டும்ல? பாவம், ரொம்பச் சங்கடப்படுவாங்க. இருந்துட்டுப் போறேன்."

இருந்தார். தன் சாவுக் கமிட்டியில் தானே உறுப்பினராக இருந்தார். தினமும் பேப்பரோடு சேர்த்து அதையும் படிக்கச் சொல்லிக் கேட்பார். நாதஸ்வரம் திருவிடைமருதூர் பக்கத்திலிருந்தா, வேறு ஊரா? யானைக்கு அனுமதி கிடைக்குமா? உட்கார வைப்பதா, படுக்க வைப்பதா? இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே நடந்தது. "டாக்டர் எப்போன்னு ஏதாச்சும் சொன்னாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "அறுப்பு நெருங்குதுல்லங்க, அவங்க கவலை அவங்களுக்கு" என்றார் ராணியம்மா. யாரும் கவனிக்கவில்லை. ராணியம்மா பெயர் உறுப்பினர் வரிசையில் இருப்பதைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அப்புறம் அவர் பிழைத்துக்கொண்டார்.

ஊரே திரண்டு போய் வரவேற்றது. என் வீட்டுக்காரர் தேங்காய் சுற்றி உடைத்தார், கண்ணில் தண்ணீர். உண்மையான சந்தோஷம்தான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் குரூப்பைக் கலைக்கவில்லை. பூப்பல்லக்குச் செய்கிறவருக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் சட்டம் அடிக்க நீளம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீளம் மட்டும் வாங்கி வச்சிருவோம், எப்பவோ உதவும்" என்று முடிவாகி, ரவிக்கை தைக்கிற சாக்கில் தையல்காரம்மாவை அரண்மனைக்கு அனுப்பினார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள்.

தோளை அளந்தாள். கையை அளந்தாள். பிறகு தயங்கித் தயங்கி இஞ்ச் டேப்பை உச்சந்தலையில் வைத்து, மறு நுனியைக் கால் பெருவிரல் வரைக்கும் இழுத்தாள். ரவிக்கைக்குக் கால் வரைக்கும் அளக்கிறவளை நான் அன்றுதான் பார்த்தேன். ராணியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை நிமிர்ந்து நின்றுகொடுத்தார்.

"கூன் விழுந்துருச்சுங்க எனக்கு. படுத்தா நிமிர்ந்துரும். ஒரு ரெண்டு விரக்கடை சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.

தையல்காரம்மா டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எதுக்குங்க அழுவுறீங்க, ரவிக்கை லூசாத்தானே போடுவேன் நான்" என்று அவர் அவள் தலையைத் தடவினார். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் புருஷன் செய்த வேலை என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரமே ராணியம்மா கமிட்டியைக் காபிக்குக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் வெளியாகிவிட்டது என்று புரிந்துவிட்டது. திருடிவிட்டு அகப்பட்டவர்கள் போல அரண்மனைக் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். உட்காரக்கூட இல்லை. நான் ராணியம்மாவின் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லாரும் உக்காருங்க. நானும் கமிட்டியில இருக்கேன்ல? கூட்டம்னா என்னையும் கூப்பிட வேணாமா?" என்று ஆரம்பித்தார். காபி வந்தது. யானை வேண்டாம், பட்டாசுக்கு மிரளும் என்றார். படுக்க வைத்தால் போதும், உட்கார வைத்தால் தலை தொங்கும், பார்க்க நன்றாக இருக்காது என்றார். நாதஸ்வரத்துக்கு ஊர் சொன்னார். என் வீட்டுக்காரர் மெல்ல மெல்ல நிமிர்ந்து, சிரித்து, யோசனையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். தன் சாவையே எடுத்து எங்கள் மானத்தை மூடினார் அந்தம்மா.

கடைசியில், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பல்லக்கு நேரா ஆத்தங்கரைக்குப் போக வேணாம். வாய்க்கா பாலத்தைத் தாண்டி, காலனித் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு அப்புறமா கடைத்தெரு வழியா போகட்டும்."

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பது காலனி. அந்தச் சனங்களின் பிணம் எங்கள் தெரு வழியாக வராது. வயல் வரப்பில்தான் ஆற்றங்கரைக்குப் போகும். எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "யாரு தடுத்தா? தாராளமா வரட்டுமே" என்பார்கள். வந்ததில்லை. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற வசந்தா காலனிதான். அவளுடைய அப்பா செத்தபோது நடவு முடிந்து வயலெல்லாம் சேறு. பாடையைத் தூக்கியவர்கள் வரப்பு உடைந்து உள்ளே இறங்கிவிட்டார்கள். பாடை சாய்ந்து பிணத்தின் ஒரு கை சேற்றில் தோய்ந்தது. பின்னாலேயே போன ராணியம்மா வாய்க்கால் கரையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் தானும் சேற்றில் இறங்கிவிட்டார். திரும்பி எங்கள் தெரு வழியாக நடந்து வரும்போது அவர் புடவையில் முழங்கால் வரைக்கும் சேறு. எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர், "என்னம்மா இது?" என்று பதறினார். "வழுக்கிட்டேங்க, வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனோம்.

ராணியின் பல்லக்கே காலனியிலிருந்து கடைத்தெருவுக்கு வந்துவிட்டால், நாளைக்கு அவர்கள் பாடை வருவதையும் யாரும் தடுக்க முடியாது. அதைத்தான் இப்போது கேட்கிறார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் காலி டம்ளரிலிருந்து காபி குடித்தார். அத்தனை பேரும் தலை குனிந்துவிட்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். குனியட்டும், நன்றாகக் குனியட்டும், குனிந்து முடித்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும். சொல்லியிருப்பார்கள், அப்படித்தான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ராணியம்மாவால் முடியவில்லை.

"அடடா, பாலம் குறுகல்ல? நான் ஒருத்தி, அதை மறந்துட்டேன். பல்லக்கு அகலத்துக்குத் திரும்பாதுங்க. வேணாம், நேராவே போகட்டும்" என்றார்.

"ஆமாம்மா, பாலம் குறுகல்" என்றார் என் வீட்டுக்காரர், ஒரு மூச்சு விட்டுக்கொண்டு. "பாலம் ரொம்பக் குறுகல்" என்றார் அடுத்தவர். ராணியம்மாவின் லாயத்தில் நிற்கிற அறுவடை மெஷின்கள் வருஷா வருஷம் அந்தப் பாலத்தில்தான் போய் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடு மாதிரி. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் இன்னொரு காபி குடித்தார்கள்.

மறுநாள் பேப்பரை மடியிலேயே வைத்துக்கொண்டு நான் கேட்டேவிட்டேன். "ஏம்மா விட்டுக்குடுத்தீங்க?"

"அவங்க மூஞ்சியப் பாக்க முடியலங்க டீச்சர்."

"அப்ப வசந்தா மூஞ்சி?"

ராணியம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் தலைகுனிய வைத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். அப்புறம், "அவங்க என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கேட்கவும் செய்தாள். ஒரு சாயங்காலம் வசந்தா கீரைக்கட்டு கொடுக்க வந்தவள், நான் இருக்கும்போதே, சிரித்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, நீங்க எங்க தெரு வழியாத்தான் போவேன்னு சொன்னீங்களாமே? சமையல்காரரு சொன்னாரு. நெசமாம்மா?"

நான் ராணியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வசந்தாவின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பின்னே? உங்க தெருவுக்கு வராம நான் எங்கேங்க போகப் போறேன்?" என்றார் ராணியம்மா.

அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் பேப்பரைப் பிரித்து வானிலையைப் படித்தேன்.

வீட்டில் சொன்னேன். சொல்லாமலில்லை. என் வீட்டுக்காரர் முதலில், "அவங்களே வேணாம்னுட்டாங்கல்ல, நீ என்ன நடுவுல?" என்று எரிந்து விழுந்தார். மறுபடி மறுபடி சொன்னபோது ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மட்டும் ஆசையில்லையாடி? பாலத்துப் பக்கம் பல்லக்கு திரும்புச்சுன்னா நம்ம தெருவுல பாதிப் பேரு தோளை எடுத்துருவான். அம்மாவை நடுரோட்டுல எறக்கி வச்சுட்டு நிக்கவா? ராஜாவுக்கு ஆன மாதிரியே இவங்களுக்கும் ஆகணுமா?" என்றார். அவர் பயம் நிஜம். அந்தத் தெருவைப் பற்றி எனக்கும் தெரியும். அதில்தான் நானும் குடியிருக்கிறேன்.

ராணியம்மா அதற்குப் பிறகும் சில காலம் இருந்தார். ஒரு தை மாதம், அறுப்பு முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்தபோது, தூக்கத்திலேயே போனார். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத சமயம் பார்த்து.

ஊர்வலம் கமிட்டி நினைத்தபடியே நடந்தது. கும்பகோணம் வரைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். எங்கிருந்தெல்லாமோ பஸ்ஸிலும் வேனிலும் சனம். மல்லிகையும் ரோஜாவுமாக மூடிய பல்லக்கு, தேர் மாதிரி. இரண்டு சோடி நாதஸ்வரம். என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு முன் கொம்பில் தோள் கொடுத்திருந்தார். பெற்ற தாய்க்குக்கூட அவர் அப்படி அழுததில்லை. பல்லக்கைத் தூக்குவதற்கு முன்னால் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காதில் சொன்னேன். "என்னங்க, காலனியில காத்துக்கிட்டிருக்காங்க. வாசல் தெளிச்சு வச்சிருக்காங்களாம்."

அவர் என்னைப் பார்த்தார். சிவந்த கண்கள். "போலீசுக்கு ரூட் எழுதிக் குடுத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். "தூக்குங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்.

பாலத்துக்குப் பிரிகிற முனையில் பல்லக்கு ஒரு கணம் நின்றது. தோள் மாற்றுவதற்காகத்தான். "நேரா, நேரா" என்று பின்னாலிருந்து பத்துக் குரல் கேட்டது. நேராகப் போனது. எங்கள் தெருப் பெண்கள் அந்த முனையோடு நின்று, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, குளிப்பதற்காக வீடுகளுக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. யாராவது ஒருவராவது போய்ச் சொல்ல வேண்டாமா? பாலத்தில் ஏறி நடந்தேன்.

காலனித் தெரு முழுக்கக் கழுவிவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் குடத்தில் தண்ணீர், தட்டில் பூ, வாய்க்கரிசி. பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு ஒருவரும் போகவில்லை. திருப்பூரில் வேலை பார்க்கிற ஆண்கள்கூட வந்திருந்தார்கள். தெரு முனையில் ஒரு பெஞ்சு, அதன் மேல் வெள்ளைத் துணி. பல்லக்கை இறக்கி வைத்தால் வைப்பதற்கு. நாதஸ்வரம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அது கிட்டே வரவில்லை, தள்ளித் தள்ளிப் போகிறது என்பது அவர்கள் எல்லோருக்கும் காதிலேயே தெரிந்திருக்கும்.

வசந்தா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தை மிச்சமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளைகளின் முன்னால் முப்பது வருஷம் நிமிர்ந்து நின்ற தலை.

"வெயில் ஏறிருச்சுல்ல டீச்சர்" என்றாள் அவள். "பூவெல்லாம் வாடிரும். அதான் சட்டுன்னு கொண்டு போயிட்டாங்க போல."

பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள். "வெயிலாம்! அதான் நேரா எடுத்துட்டாங்களாம்!" மாசி பங்குனி வெயிலா அது? தை மாத வெயில், முதுகுக்கு இதமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ராணியம்மாவே நேரில் வந்து நின்று என்னைக் காப்பாற்றுகிறார் என்று தோன்றியது, அந்தக் காப்பாற்றல் எனக்கு வேண்டாம் போலிருந்தது.

வசந்தா ஒரு பாயை உதறிப் போட்டாள். "உக்காருங்க டீச்சர்."

"சாவு வீட்டுலேருந்து குளிக்காம வந்திருக்கேன் வசந்தா. எங்கயும் உக்காரக் கூடாது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் சாவு வீடுதான் டீச்சர். உக்காருங்க."